ஒரு கிரவுண்டு மனையில் இரண்டு பெரிய மரங்கள்: ஒரு நிகழ்வு ஆய்வு

தாம்பரத்தை அடுத்த ஒரு குடியிருப்பில், ஒரு வீட்டின் இரண்டு மரங்கள் தொடர்பாக 2022 நவம்பர் முதல் 2024 டிசம்பர் வரை நடந்தவை இவை. வீட்டுத் தோட்டங்களுக்கும் மரங்களுக்கும் ஆலோசனை சொல்வது என் வேலை. வீட்டாரின் சம்மதத்தோடு எழுதுகிறேன். அவர்களை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை விட்டுவிட்டேன். "குப்பை போடுகிறது, வெட்டிவிடலாமா?" என்று கேட்டு என்னை அழைப்பவர்கள் அதிகம். இந்த வீட்டில் இரண்டு ஆண்டு கூடவே இருந்து பார்க்க முடிந்தது என்பதால் இதைத் தேர்ந்தெடுத்தேன்.

பின்னணி

மனை 2,400 சதுர அடி. 1991இல் கட்டிய கீழ்த்தளம், பிறகு எழுப்பிய மாடி. கிழக்குப் பார்த்த வாசல். வாசலில் காம்பவுண்டுச் சுவரை ஒட்டி ஒரு வாதாம் மரம். வீட்டின் பின்னால் மேற்கே ஒரு புங்கை. புங்கையை வீடு கட்டிய வருடமே குடும்பத் தலைவர் வைத்தார். அவர் இப்போது இல்லை. வாதாம் யாரும் வைத்ததல்ல, வௌவால் போட்டுவிட்டுப் போன கொட்டையிலிருந்து முளைத்தது என்கிறார்கள். நான் முதலில் பார்த்தபோது புங்கை ஏறக்குறைய 35 அடி உயரம். நெஞ்சு உயரத்தில் அடிமரத்தின் சுற்றளவு ஐந்தரை அடி. வாதாம் அதைவிடக் கொஞ்சம் குட்டை.

வீட்டில் 71 வயதுத் தாயார், மகன், மருமகள், பள்ளிக்குப் போகும் பேத்தி. மகனும் மருமகளும் வேலைக்குப் போகிறவர்கள். காலையில் ஐந்தரைக்கு எழுந்து முன்னும் பின்னும் பெருக்குவது தாயார்தான். முப்பது வருடமாக அவர்தான்.

இந்த இரண்டு மரங்களும் ஒன்று மாற்றி ஒன்று கொட்டிக்கொண்டே இருக்கும். தை, மாசியில் வாதாம் இலையெல்லாம் சிவந்து மொத்தமாக விழும். ஆடி வாக்கில் இன்னொரு முறை. மாசிக் கடைசியில் புங்கை உதிர்க்கும். பங்குனியில் அது பளபளவென்று துளிர்த்து முடித்த கையோடு பூ ஆரம்பித்துவிடும். சித்திரை, வைகாசியில் பொரியை வாரி இறைத்த மாதிரி தரை முழுக்கப் பூ. அதன் பிறகு காய். நடுவில் வாதாம் பழத்தை வௌவால்கள் கடித்துச் சாறு உறிஞ்சிவிட்டுச் சக்கையைத் துணிக்கொடியின் மேல் போடும்.

இங்கே ஒரு சின்ன விஷயத்தைக் குறித்துக்கொள்ள வேண்டும். 2009 வரை பின்கட்டு மண் தரை. மழையில் சேறாகிறது என்று அந்த வருடம் சிமெண்டு போட்டார்கள். புங்கையைச் சுற்றி இரண்டடிச் சதுரம் மட்டும் மண் மிஞ்சியது. அதற்கு முன்பு சருகு விழுந்த இடத்திலேயே பாதி மட்கிப்போகும், மீதியை ஓரமாக ஒதுக்கினால் போதும் என்று தாயார் சொன்னார். சிமெண்டு போட்ட பிறகு விழுந்த ஒவ்வொரு இலையும் குப்பையாகிவிட்டது.

வர்தாவும் மொட்டையும்

2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் சென்னையைக் கடந்தது. நகரத்திலும் புறநகரிலும் ஆயிரக்கணக்கான மரங்கள் சாய்ந்த நாள் அது. இந்த வீட்டில் இரண்டு மரங்களும் நின்றுவிட்டன. ஆனால் மாலையில் காற்று திசை திரும்பி அடித்தபோது புங்கையின் ஒரு கிளை முறிந்து தெற்குப் பக்கத்து வீட்டுக் கழிவறையின் ஆஸ்பெஸ்டாஸ் கூரையில் விழுந்தது. ஆளுக்கு ஒன்றும் ஆகவில்லை. கூரைக்கான பணத்தை மகன் கொடுத்துவிட்டார்.

அடுத்த மாதம் பயத்தில் இரண்டு மரங்களையும் மொட்டை அடித்தார்கள். அடிமரமும் நான்கைந்து கட்டைகளும் மட்டும் நின்றன. வெட்டியவர்கள் தெருத்தெருவாக வந்துகொண்டிருந்த கூலி ஆட்கள். சொன்னதைச் செய்தார்கள், அவர்கள் மேல் தப்பில்லை. அந்தச் சித்திரையில் மேற்கு அறையில் படுக்க முடியவில்லை. வீட்டின் முதல் ஏசி அப்போதுதான் வந்தது.

மொட்டை அடித்த மரம் பட்டினியில் இருக்கும் மரம். இலை போனால் உணவு போயிற்று. அதனால் வெட்டிய இடத்தைச் சுற்றிக் கொத்துக் கொத்தாகத் துளிர்க்கும். பார்ப்பதற்கு மரம் பிழைத்துக்கொண்டது போலத் தோன்றும். ஆனால் இயல்பாக வந்த கிளை அடிமரத்தின் கட்டைக்குள் ஆழமாக ஊன்றியிருக்கும். இந்தத் துளிர்களோ மேல்பட்டையை ஒட்டி மட்டுமே நிற்கும். நான்கைந்து வருடத்தில் கைத்தடிமனுக்கு வந்து, தன் பாரம் தாங்காமல் அடியோடு பிய்த்துக்கொள்ளும். கூடவே, பெரிய வெட்டுக்காயம் மூடுவதற்குள் தண்ணீர் இறங்கி உள்ளே உளுத்துப்போகும். 2017இல் ஆபத்தைக் குறைக்கச் செய்த வேலை 2022இல் ஆபத்தாக வந்து நின்றது இப்படித்தான்.

விழுந்த நாள்

2022 நவம்பரில் ஒரு மழைக்காலை. பின்கட்டுச் சிமெண்டில் பாசி. அதன் மேல் இரவு மழையில் உதிர்ந்த புங்க இலை. பெருக்கப் போன தாயார் வழுக்கிக் கையை ஊன்றி விழுந்தார். வலது மணிக்கட்டில் எலும்பு முறிவு. ஆறு வாரம் மாவுக்கட்டு.

அந்த வாரமே மகன் மரம் வெட்டுபவரை அழைத்து விலை பேசிவிட்டார். இரண்டு மரத்தையும் அடியோடு எடுக்க 32,000 ரூபாய். மருமகள்தான் எனக்குப் போன் செய்தார். "அத்தை சாப்பிட மாட்டேங்கிறாங்க சார். நீங்க வந்து ஒரு தடவை பாத்துட்டுச் சொல்லுங்க. வெட்டணும்னா வெட்டிடலாம், ஆனா தெரிஞ்சவங்க சொல்லி வெட்டின மாதிரி இருக்கணும்."

நான் போனபோது தாயார் கட்டுப் போட்ட கையோடு திண்ணையில் உட்கார்ந்திருந்தார். மகன், "இவ்வளவு நாள் நான் ஒண்ணும் சொல்லல. இன்னொரு தடவை இவங்க விழுந்தா யாரு பொறுப்பு?" என்றார். அது நியாயமான கேள்வி. தாயார் என்னைப் பார்த்து, "விழுந்தது நான், தம்பி. மரம் விழலியே" என்றார்.

பார்த்தவை

உடனே ஒன்றும் சொல்ல முடியாது, பங்குனி வரை பொறுங்கள் என்று கேட்டுக்கொண்டேன். வெட்டிவிட்டால் திரும்ப வைக்க முடியாது. நான்கு மாதம் காத்திருந்தால் நஷ்டம் சிறியது. அதுவரை வாதாம் மரத்தடியில் யாரும் வண்டி நிறுத்தக் கூடாது, பின்கட்டைத் தாயார் பெருக்கக் கூடாது என்ற இரண்டு நிபந்தனைகளோடு மகன் ஒத்துக்கொண்டார்.

பேத்தியிடம் ஒரு வேலை கொடுத்தேன். தினசரி காலண்டரில் கிழிக்கும் தாளின் பின்பக்கத்தில் அன்று யார் பெருக்கினார்கள், எத்தனை சாக்கு என்று எழுத வேண்டும். டிசம்பர் முதல் மார்ச் கடைசி வரை 61 சாக்கு. 25 கிலோ அரிசிச் சாக்கு அளவு. இதில் 38 சாக்கு வாதாம் இலை. "யார்" என்ற இடத்தில் மருமகளின் பெயர் 83 நாள், மகனின் பெயர் 9 நாள். அந்தத் தாள்களை மகன் ஒரு ஞாயிற்றுக்கிழமை வரிசையாக அடுக்கிப் பார்த்தார். எதுவும் சொல்லவில்லை. மறுநாளிலிருந்து முன்வாசலை அவர் பெருக்க ஆரம்பித்தார்.

மரங்களைத் தனித்தனியாகப் பரிசோதித்தேன். புங்கையின் அடிமரம் திடமாக இருந்தது. மரச்சுத்தியலால் சுற்றிலும் தட்டியதில் எங்கும் பொள்ளல் சத்தம் இல்லை. இலைகளில் சின்னச் சின்ன முடிச்சுகளும் வெள்ளைத் திட்டுகளும் இருந்தன. மரத்துக்கு நோய் என்று வீட்டார் நினைத்திருந்தது இதைத்தான். புங்கையில் சிலந்திப்பேனும் இலைத்துளைப்பானும் எப்போதும் செய்கிற வேலை அது, மரத்துக்கு அதனால் ஆபத்தில்லை. கவலைப்பட வேண்டியது மேலே இருந்தது. மொட்டை அடித்த ஐந்து கட்டைகளிலும் பத்துப் பன்னிரண்டு கிளைப்புகள் நெருக்கியடித்துக்கொண்டு நின்றன. தெற்குப் பக்கம் முழுவதும் அடுத்த வீட்டு மொட்டைமாடியின் மேல்.

வாதாம் வேறு கதை. ஒன்பதடி உயரத்தில் பழைய வெட்டுவாயில் ஒரு பொந்து. ஏணி போட்டு ஏறி இரும்புக் கம்பியை விட்டேன். பதினான்கு அங்குலம் தடையில்லாமல் போயிற்று. வெளியே எடுத்தபோது நுனியில் காப்பித்தூள் போல ஈரமான மரத்தூள் ஒட்டியிருந்தது. மழை முடிந்த பிறகு அடிமரத்தில், மண்ணை ஒட்டி, தட்டுத் தட்டாகக் காளான் வந்தது. மேலே ஒரு பொந்து மட்டும் என்றால் யோசிக்கலாம். அடியிலும் காளான் என்றால் வேருக்குப் பக்கத்திலும் உளுப்பு இருக்கிறது என்று அர்த்தம். மரம் வீட்டுச் சுவரிலிருந்து ஐந்தடியில். ஒரு பக்கம் தெரு மின்கம்பி, மறுபக்கம் மாடிப் படுக்கையறை.

கழிவுநீர்க் குழாய் வருடத்துக்கு இரண்டு முறை அடைத்துக்கொள்வதையும் வேரின் மேல் போட்டிருந்தார்கள். தோண்டிப் பார்த்தோம். பழைய மண்குழாயின் இணைப்பு ஏற்கெனவே விட்டிருந்தது. கசிகிற ஈரத்தைத் தேடி வாதாம் வேர் தலைமுடிக் கற்றை போல உள்ளே இறங்கியிருந்தது. நல்ல குழாயை வேர் உடைத்துக்கொண்டு நுழைவது அரிது. விரிசல் இருந்தால் விடாது.

மொட்டைமாடியில் மழைநீர் இறங்கும் வாய் இரண்டு. தமிழ்நாட்டில் எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பு கட்டாயமானது 2003இல். இவர்களும் அப்போது ஒரு குழாயைச் சேகரிப்புக் குழியில் இறக்கியிருக்கிறார்கள். அந்தக் குழியைத் திறந்து பல வருடமாகியிருந்தது. மேலே இரண்டடி கறுத்த இலைச்சேறு.

முடிவுகளும் காரணங்களும்

2023 ஏப்ரல் முதல் வாரம் எல்லோரும் உட்கார்ந்து பேசினோம். மரத்தின் மேல் சொல்லப்பட்ட புகார்களை நான் மூன்றாகப் பிரித்து வைத்தேன். ஆளுக்கோ கட்டடத்துக்கோ ஆபத்து எது, பராமரிப்புக் குறை எது, வெறும் வேலைச்சுமை எது. மூன்றையும் ஒரே வார்த்தையில் "குப்பை" என்று சொல்லிக்கொண்டிருந்ததால்தான் வெட்டுவதா வேண்டாமா என்ற ஒற்றைக் கேள்வியில் வீடு நின்றுபோயிருந்தது.

வாதாமை எடுத்துவிடச் சொன்னேன். வருத்தத்தோடுதான் சொன்னேன். மரத்தைக் காப்பாற்றத்தான் என்னைக் கூப்பிட்டார்கள் என்று தாயார் நம்பியிருந்தார். ஆனால் உளுத்த மரத்தை வீட்டுக்கும் மின்கம்பிக்கும் நடுவில் வைத்துக்கொண்டு, நிழல் இருக்கிறது, இருக்கட்டும் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அதன் இலை அதிகம் என்பதற்காக இந்த முடிவு இல்லை என்பதையும் தெளிவாகச் சொன்னேன்.

புங்கையை வைத்துக்கொள்ளச் சொன்னேன். மேற்கு வெயில் நேராக விழும் சுவருக்கு அது ஒன்றுதான் மறைப்பு. மே மாதம் ஒரு நாள் மாலை நான்கு மணிக்கு அதே சுவரில் நிழல் விழும் பகுதியையும் வெயில் விழும் பகுதியையும் கருவி வைத்து அளந்தேன். நிழலில் 36 டிகிரி, வெயிலில் 47. மகனுக்கு வேறு எந்த வாதமும் தேவைப்படவில்லை.

புங்கையைத் திரும்ப மொட்டை அடிக்காமல், மூன்று கட்டமாகக் கவாத்து செய்வது என்று முடிவு. ஒவ்வொரு கொத்திலும் நன்றாக ஊன்றிய ஒன்று அல்லது இரண்டு கிளைப்புகளை வைத்துக்கொண்டு மற்றதை எடுப்பது; ஒரு தடவையில் மொத்தத் தழையில் கால் பங்குக்கு மேல் எடுக்காமல் இருப்பது. காலம் ஆவணி: பூவும் துளிரும் முடிந்திருக்கும், வடகிழக்குப் பருவமழைக்கு முன் பாரமும் குறைந்துவிடும்.

தரையைப் பற்றிய முடிவுதான் நீண்ட நேரம் எடுத்தது. பின்கட்டுச் சிமெண்டை உடைத்து மண்ணாக்கி, சருகை அங்கேயே மூடாக்காக விடலாம் என்றேன். மருமகளுக்குச் சம்மதம். தாயார் மறுத்தார். "பூச்சி பொட்டு வரும் தம்பி. ராத்திரி இவ துணி எடுக்கப் போவா." அவர் சொன்னது சரி, அந்தப் பக்கம் பாம்பு வராத ஊர் இல்லை. கடைசியில் இப்படி ஒத்துக்கொண்டோம்: சுவரை ஒட்டி மூன்றடிக்குச் சொரசொரப்பான கல் பதித்த நடைபாதை, அதை மட்டும் தினமும் பெருக்குவது, அதற்கு அப்பால் மண், அதில் மூன்று விரல்கடை உயரத்துக்கு மேல் சருகு சேர விடாமல் வாரிக் கம்பிவலைக் கூண்டில் போடுவது, துணிக்கொடியை மாடிக்கு மாற்றுவது.

சருகைக் கொளுத்தும் பழக்கம் அந்தத் தெருவில் உண்டு. அப்போது நடப்பில் இருந்த 2016ஆம் ஆண்டு திடக்கழிவு மேலாண்மை விதிகள் குப்பையைத் தெருவிலும் பொது இடத்திலும் எரிப்பதைத் தடுத்தன. தோட்டக் கழிவைத் தனியாகச் சேர்த்து வைக்கச் சொல்லின. எதிர்வீட்டில் மூச்சிரைப்பு உள்ள ஒரு குழந்தை இருந்ததால் விதியைச் சொல்லி யாரையும் இணங்கவைக்கத் தேவைப்படவில்லை.

வேலை நடந்த விதம்

வாதாமை மே மாதம் எடுத்தோம். மின்வாரிய ஊழியர்கள் அரை நாள் மின்சாரத்தை நிறுத்திக் கொடுத்தார்கள். உச்சியிலிருந்து துண்டு துண்டாக அறுத்துக் கயிற்றில் இறக்கினார்கள். அடிமரம் விழுந்தபோது உள்ளே இருந்தது குழல்தான். சுற்றிலும் நான்கு விரல்கடைக்கு மேல் நல்ல கட்டை இல்லை. மகன் அதைப் போட்டோ எடுத்து வைத்துக்கொண்டார். தாயார் வெளியே வரவில்லை. மறுநாள் பேத்தி, கடைசியாக விழுந்து கிடந்த வாதாங்கொட்டைகளைப் பொறுக்கி, திண்ணையில் கல் வைத்து உடைத்துப் பாட்டிக்குக் கொடுத்துக்கொண்டிருந்தாள். செலவு 18,000 ரூபாய்.

புங்கையின் முதல் கவாத்து ஆகஸ்ட் கடைசியில். ஏறியவர் அனுபவசாலி, ஆனால் கிளையை அடிமரத்தோடு ஒட்ட அறுத்தே பழகியவர். கிளை சேருமிடத்தில் மோதிரம் போல ஒரு புடைப்பு இருக்கும், காயத்தை மூடும் பட்டை அங்கிருந்துதான் வளரும், அதை விட்டு வெளியே அறுக்க வேண்டும் என்று ஒரு துண்டுக் கிளையில் காட்டினேன். முதலில் அடிப்பக்கம் ஒரு வெட்டு, சற்றுத் தள்ளி மேல்பக்கம் ஒரு வெட்டு, பாரம் இறங்கிய பிறகு மிச்சக் குச்சியைப் புடைப்புக்கு வெளியே அறுப்பது. அப்படிச் செய்தால் பட்டை நாராக உரிந்து வராது. அவர் இரண்டாவது கிளையிலேயே பிடித்துக்கொண்டார். காயத்துக்குத் தார் பூசலாமா என்று மகன் கேட்டார். வேண்டாம் என்றேன், உள்ளே ஈரத்தைப் பூட்டி வைப்பதுதான் மிச்சம்.

பின்னர் நடந்தவை

2023 டிசம்பர் 3, 4 தேதிகளில் மிக்ஜாம் புயலின் மழை. தெருவில் முழங்கால் தண்ணீர். புங்கையிலிருந்து விரல் பருமன் குச்சிகள் விழுந்தன, கிளை ஒன்றும் முறியவில்லை. ஆனால் மொட்டைமாடியில் அரையடித் தண்ணீர் நின்று மாடிப்படி வழியாக வீட்டுக்குள் இறங்கியது. இது என் பிழை. மழைநீர் வாய்க்கு நெருக்கமான கொசுவலை மாதிரிக் கம்பிவலை வைக்கச் சொல்லியிருந்தேன். சின்னப் புங்க இலைகள் அதன் மேல் அப்பளம் போல ஒட்டி வாயை முழுசாக மூடிவிட்டன. கொட்டும் மழையில் மகன் மேலே போய்க் கையால் எடுத்துவிட்டார். அடுத்த வாரம் அதை நீக்கி, கூம்பு வடிவில் அகலக் கண்ணுள்ள இரும்புக் கூடை வைத்து, குழாயையும் நான்கு அங்குலமாக மாற்றினோம். 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் மழையில் தண்ணீர் நிற்கவில்லை.

கூண்டில் போட்ட சருகு முதல் ஐந்து மாதம் அப்படியே கிடந்தது. காய்ந்த இலையை மட்டும் போட்டால் அப்படித்தான். சமையலறைக் கழிவும் கொஞ்சம் சாணிக்கரைசலும் சேர்த்து, ஈரம் காக்க ஆரம்பித்த பிறகு நான்கு மாதத்தில் உரமானது. பழைய வாதாம் இலை மட்டும் தோல் போலக் கடைசி வரை கிடந்தது.

தெற்கு வீட்டுக்காரரிடம் 2016க்குப் பிறகு யாரும் சரியாகப் பேசவில்லை. கவாத்துக்கு முன்தினம் மகன் போய்ச் சொன்னபோது, "உங்க மரத்தை எடுக்கச் சொல்லி நான் என்னிக்கும் கேட்கலியே, என் மாடியைப் பெருக்க ஆள் வேணும்னுதான் கேட்டேன்" என்றாராம். இப்போது மாசி, சித்திரை இரண்டு மாதமும் இவர்கள் வீட்டு வேலையாள் வாரம் ஒரு நாள் அங்கேயும் பெருக்குகிறார்.

வாதாம் போன இடத்தின் வெறுமை நான் எதிர்பார்த்ததைவிடப் பெரியது. 2024 கோடையில் காலை வெயில் நேராக முன்னறைக்குள் வந்தது. திண்ணையில் எட்டு மணிக்கு மேல் உட்கார முடியவில்லை என்று தாயார் சொன்னார். அந்த இடத்தில் எதை வைப்பது என்று நான் நெல்லி, மந்தாரை என்று சொல்லிக்கொண்டிருந்தபோது, அவர் பவழமல்லிதான் வேண்டும் என்றார். அதுவும் தினமும் கொட்டுமே அத்தை என்றார் மருமகள். "அது பூஜைக்கு" என்றார் தாயார். இப்போது காலையில் ஐந்தரைக்கு அவர் கையில் விளக்குமாறு இல்லை, ஒரு சின்னப் பிரம்புத்தட்டு இருக்கிறது. குனிய வேண்டாம் என்று செடியடியில் பழைய வேட்டி ஒன்றை விரித்து வைக்கிறாள் பேத்தி.

இப்போது செய்வதானால்

வாதாமை எடுப்பதற்கு ஒரு வருடம் முன்பே அதன் பக்கத்தில் மாற்றுக் கன்றை வைக்கச் சொல்லியிருப்பேன். வண்டி நிறுத்தாமல், உச்சிப் பாரத்தை மட்டும் குறைத்து அந்த ஒரு வருடம் சமாளித்திருக்க முடியுமா என்று மரத்தைச் சாய்த்த பிறகு யோசித்தேன். உள்ளே இருந்த குழலைப் பார்த்ததும் அந்த எண்ணம் போய்விட்டது. ஆனால் கன்றையாவது நான் முதல் முறை போன நவம்பரிலேயே வைத்திருக்கலாம்.

மாடி வலையை மழைக்கு முன் வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றிச் சோதித்திருக்க வேண்டும். பக்கத்து வீட்டுக்காரரிடம் ஆகஸ்டில் போனதை முதல் வாரத்திலேயே போயிருக்க வேண்டும். அவருடைய குறையைக் கேட்காமலே அவர் சார்பில் நாங்கள் ஒன்பது மாதம் கவலைப்பட்டுக்கொண்டிருந்தோம்.

புங்கையின் இரண்டாம் கவாத்து 2024 ஆவணியில் முடிந்தது. மூன்றாவதை அடுத்த ஆவணிக்குக் குறித்திருக்கிறோம். வடக்குக் கட்டையில் விட்டுவைத்த இரண்டு கிளைப்புகளில் எது தடிக்கிறது என்று பார்த்துவிட்டு மற்றதை எடுக்க வேண்டும்.